லோரி ஓட்டப் போகும் பிள்ளைகள்: முதல் கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அப்பா ஓட்டும் பழக்குலை லோரியில் முன் இருக்கையில் உட்கார்ந்து செம்பனை ஆலைக்குப் போய் வந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு, பெரிய லோரி ஓட்டுவது சின்ன வயது ஆசை. எஸ்.பி.எம். முடித்து மேற்கொண்டு படிக்க வசதியில்லாத இளைஞர்களுக்கும் இது நல்ல பிழைப்புதான். கிள்ளான் துறைமுகம், தஞ்சோங் பெலெப்பாஸ், பாசிர் கூடாங், பட்டர்வொர்த் பக்கம் போனால், கொள்கலன் இழுக்கும் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். "லைசன்ஸ் நாங்களே எடுத்துத் தருகிறோம், பயிற்சியும் கொடுக்கிறோம், மாதம் நாலாயிரம் ஐயாயிரம் கையில் நிற்கும்" என்ற விளம்பரங்களும் புலனத்தில் வந்தபடி இருக்கின்றன.

இப்படி ஒரு விளம்பரம் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். குடும்ப நிலைமை அப்படி. ஆனால், கனரக வாகனம் ஓட்டும் வேலையில் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்பதே நல்லது. முதலில் கேட்க வேண்டியது: "பிள்ளைக்கு யார், எத்தனை நாள், எந்த லோரியில் கற்றுக்கொடுப்பார்கள்? கையெழுத்துப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது?"

*உரிமம் ஓட்டுநருடையது, வழக்கும் ஓட்டுநருக்கே*

லோரி கம்பெனியின் பெயரில் இருக்கும். ஓட்டுநர் உரிமம் பிள்ளையின் பெயரில் இருக்கும். ஒரு விபத்து நடந்தால் கம்பெனி வேறு லோரி வாங்கிக்கொள்ளும், வேறு ஆளையும் வைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் பிடித்தவர்தான் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவு 2020இல் கடுமையாக்கப்பட்டது. ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்த குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். உரிமமும் பல ஆண்டுகளுக்குப் பறிபோகும். பிரேக் சரியில்லாத லோரியைக் கொடுத்தது கம்பெனி என்றாலும், அதை ரோட்டுக்கு எடுத்து வந்தவர் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில், கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் படையின் லோரியும் மோதிக்கொண்டதில் போலீஸ்காரர்கள் 9 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு கனரக வாகனங்கள் மீதான கண்காணிப்பு இறுகியது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது 2025 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்தை மதித்து லோரி நடத்தும் கம்பெனியில் முதல் வேலையைத் தொடங்குவது, உயிரையும் உரிமத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

*எந்த வயதில் எந்த உரிமம்?*

கார் ஓட்டும் ‘டி’ உரிமத்தை 17 வயதிலேயே எடுக்கலாம். இரண்டு ஆண்டு ‘பி’ ஒட்டிய பிறகு அது முழு உரிமமாகும். கனரக லோரிக்கான ‘இ’ உரிமத்துக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. சரக்கு லோரியைத் தொழிலாக ஓட்ட ஜி.டி.எல். எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். இதற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. கண்பார்வை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். சாதாரண லோரிக்கும் இணைப்பு டிரெய்லருக்கும் தனித்தனி அனுமதி என்பதால், பிள்ளைக்கு எதற்கு உரிமம் எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள் என்பதைக் கம்பெனியிடம் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அப்படியானால் 19 வயதிலிருந்து 21 வரை என்ன செய்வது? அந்த இரண்டு வருடம் வீணில்லை. லோரியில் கெலிண்டானாகப் போகலாம். சரக்கு எப்படி அடுக்குவது, கயிறும் பெல்ட்டும் எப்படி இறுக்குவது, துறைமுக வாசலில் என்ன தாள் காட்டுவது, இறக்கத்தில் அனுபவசாலி எந்த கியரில் வருகிறார் என்பதையெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். கெலிண்டானாக ஆள் எடுத்து, வயது வந்ததும் உரிமம் எடுக்க வைத்து, ஓட்டுநராக உயர்த்தும் கம்பெனி கிடைத்தால் அதை விடக்கூடாது. கம்பெனியும் பிள்ளையை அறிந்திருக்கும், பிள்ளையும் கம்பெனியை அறிந்திருப்பான்.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. "வகுப்புக்கே வர வேண்டாம், பணத்தைக் கொடுங்கள், லைசன்ஸ் வீட்டுக்கு வரும்" என்று சொல்லும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரில் இதை ‘லெசென் தெர்பாங்’ என்றும் ‘கோப்பி-ஓ லைசன்ஸ்’ என்றும் சொல்வார்கள். இது குற்றம். அதோடு, ஓட்டத் தெரியாத பிள்ளையை நாற்பது அடி டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலைக்கு அனுப்பும் வேலையும் கூட. உரிமத்தின் உண்மை நிலையை ‘மைஜேபிஜே’ செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

*பயிற்சிச் செலவு யாருடையது?*

‘இ’ உரிமம், ஜி.டி.எல். இரண்டையும் சொந்தப் பணத்தில் எடுப்பதென்றால் சில ஆயிரம் வெள்ளி ஆகும். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்களும் உண்டு. சொந்தப் பணத்தில் எடுத்தால் யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. பிடிக்காத இடத்திலிருந்து முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். ஆனால், உரிமம் கையில் இருந்தும் அனுபவம் இல்லை என்று பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள்.

கம்பெனி செலவில் எடுப்பது அடுத்த வழி. இதற்குப் பதிலாக இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் போடுவார்கள். இதில் தவறில்லை. செலவு செய்தவர் பலனை எதிர்பார்ப்பது இயற்கை. ஆனால், ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் பெரும்பாலான நிறுவனங்கள், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் எனப்படும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்டுகின்றன. அனுமதிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு அந்த நிதியிலிருந்து செலவைத் திரும்பப் பெறலாம். ஆகவே, "இந்தப் பயிற்சிக்கு எச்.ஆர்.டி. கோர்ப் நிதி எடுக்கிறீர்களா? அப்படியானால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை எந்தச் செலவுக்கு?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பதில் சொல்ல முடிந்த கம்பெனி சொல்லிவிடும்.

*கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை*

கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார வைத்து, "இங்கே சைன் பண்ணு தம்பி" என்று பேனாவைக் கொடுத்துவிடுவார்கள். 21 வயதுப் பிள்ளைக்கு அதைப் படிக்கவே கூச்சமாக இருக்கும். "வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு நாளைக்குக் கொண்டு வருகிறேன்" என்று சொன்னால் போதும். ஒரு நாள் அவகாசம் கொடுக்க மறுக்கும் கம்பெனியை அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை இவை. பயிற்சிச் செலவு மொத்தம் எவ்வளவு என்று தொகை போட்டிருக்கிறதா? ஒவ்வொரு மாதமும் வேலை செய்யச் செய்ய அந்தத் தொகை குறைகிறதா, அல்லது கடைசி மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையா? கம்பெனியே வேலையை விட்டு நீக்கினாலும் பிள்ளைதான் கட்ட வேண்டுமா? உடல்நலக் குறைவால் மருத்துவர் ஓட்டக்கூடாது என்று சொன்னால் என்ன ஆகும்? அப்பா அல்லது அண்ணனை ஜாமீன் போடச் சொல்கிறார்களா?

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் கேட்கக்கூடியது நியாயமான இழப்பீடுதான். தாளில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. மூவாயிரம் வெள்ளி பயிற்சிக்கு முப்பதாயிரம் வெள்ளி எழுதி வைத்தால் அது அப்படியே செல்லும் என்று பயப்பட வேண்டியதில்லை. அதே சமயம், கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவதும் சரியல்ல. கேள்வியைக் கையெழுத்துக்கு முன் கேட்பதுதான் இரு தரப்புக்கும் மரியாதை.

அடையாள அட்டையின் அசலையும் உரிமத்தின் அசலையும் யாரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது. பிரதி கொடுத்தால் போதும்.

*நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?*

இரண்டு நாள் பக்கத்தில் உட்கார வைத்து மூன்றாம் நாள் தனியாக அனுப்புவது பயிற்சி ஆகாது. முதலில் யார்டில் ஓட்ட விடுவார்கள். டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் மறுபக்கம் போகும். இது கைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். அதற்கு இடமும் பொறுமையும் உள்ள கம்பெனியா என்று பார்க்க வேண்டும்.

காலையில் லோரியை எடுக்கும் முன் சுற்றிப் பார்ப்பதைக் கற்றுக்கொடுக்கிறார்களா? டயர், விளக்கு, எண்ணெய், காற்று பிரேக்கின் அழுத்தம், காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரை வடிப்பது, முன்வண்டியும் டிரெய்லரும் சரியாகக் கொக்கி மாட்டியிருக்கின்றனவா என்று இழுத்துப் பார்ப்பது, கொள்கலனின் நான்கு மூலையிலும் பூட்டு விழுந்திருக்கிறதா என்பது எல்லாம் அதில் அடங்கும். பூட்டு விழாத கொள்கலன் வளைவில் கவிழ்ந்தால் பக்கத்தில் வரும் காரின் மேல்தான் விழும்.

இறக்கத்தில் ஓட்டுவது தனிப் பாடம். காராக் நெடுஞ்சாலையோ சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பாதையோ, பாரத்தோடு இறங்கும்போது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விடும். மேலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடிப்பில் இறங்க வேண்டும். இதைப் பழைய ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே பாதையில், பாரத்தோடு காட்டிக்கொடுத்தால்தான் மனதில் பதியும். "மலைப் பாதைக்கு முதல் தடவை போகும்போது யார் கூட வருவார்கள்?" என்று கேட்டால், கம்பெனியின் பயிற்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்கு எடுத்துவிட்டு, "ஓட்டக் கற்றுக்கொள்ளும் வரை சம்பளம் இல்லை" என்பது ஏற்கத்தக்கதல்ல.

*சம்பளம்: கையில் வருவதும் கணக்கில் வருவதும்*

லோரி வேலையில் அடிப்படைச் சம்பளமும், ஒவ்வொரு நடைக்கும் டிரிப் பணமும் கொடுப்பது வழக்கம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் சிறு முதலாளிகளுக்கும் இது பொருந்தும். மாதம் 3,500 வெள்ளி கையில் வருகிறது என்றால், அதில் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு டிரிப் பணம், எதற்கு இ.பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இ.பி.எஃப். சட்டப்படி ஓவர்டைமுக்கும் பயணப்படிக்கும் சந்தா இல்லை. ஊக்கத்தொகை, கமிஷன் போன்றவற்றுக்கு உண்டு. இதைப் பயன்படுத்தி, டிரிப் பணம் முழுவதையும் ‘பயணப்படி’ என்று எழுதிவிடும் இடங்கள் உண்டு. கணக்குப் போட்டால் இழப்பு தெரியும். 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. 1,700 வெள்ளிக்கு மட்டும் கட்டினால் மாதம் 221 வெள்ளி. 3,500 வெள்ளிக்குக் கட்டினால் 455 வெள்ளி. வித்தியாசம் மாதம் 234 வெள்ளி, ஆண்டுக்கு 2,808 வெள்ளி. முதலாளி பங்கில் மட்டுமே இவ்வளவு.

சொக்சோவிலும் இதே கதைதான். வேலையில் அடிபட்டு மருத்துவ விடுப்பில் இருக்கும்போது, கணக்கில் காட்டிய சம்பளத்தின் அடிப்படையில்தான் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கால் உடைந்து மூன்று மாதம் படுத்திருக்கும்போதுதான், சம்பளச் சீட்டில் குறைத்துக் காட்டியது வலிக்கும். "நீ சொந்தத் தொழில் செய்பவன் மாதிரி, அதனால் இ.பி.எஃப்., சொக்சோ கிடையாது" என்று சொல்லி, கம்பெனி லோரியை ஓட்டச் சொல்லும் இடம் முதல் வேலைக்கு ஏற்றதல்ல.

சம்பளத்திலிருந்து பிடிப்பதற்கும் வரையறை உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, எவற்றைப் பிடிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. பொதுவாக ஒரு மாதப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பம்பர் நசுங்கியது, டயர் வெடித்தது, சரக்கு நனைந்தது என்று முதலாளி நினைத்தபடியெல்லாம் வெட்ட முடியாது. சம்மன் விஷயத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். வேகமாக ஓட்டியதற்கு ஓட்டுநர் கட்டுவது நியாயம். தேய்ந்த டயருக்கும் எரியாத விளக்குக்கும் அவர் ஏன் கட்ட வேண்டும்?

*நேரமும் பாரமும்*

சரக்கு வாகனம் ஓட்டுபவர்களை, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், வேலைவாய்ப்புச் சட்டம் முழுமையாகப் பாதுகாக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. அதற்கும் மாதம் 104 மணி நேரம் என்று எல்லை உண்டு.

டிரிப் பணத்தின் ஆபத்து இங்கேதான். அதிக நடை அடித்தால் அதிகப் பணம் என்பதால், பிள்ளை தானாகவே தூக்கத்தைக் குறைத்துக்கொள்வான். விழித்திருக்க கெத்தும் நீர், மாத்திரை என்று பழகிய கதைகளும் ஊரில் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபட்டால் தொழிலே போய்விடும். அதனால், "ஒரு நாளைக்கு எத்தனை நடை? அடுத்த நடைக்கு முன் எத்தனை மணி நேரம் தூங்க விடுவீர்கள்?" என்று கேட்பது அவசியம். அதிகப் பாரம் ஏற்றச் சொன்னால் மறுக்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். "எல்லாரும் ஏற்றுகிறார்கள் தம்பி" என்பது பதிலானால், அந்தக் கம்பெனி வேண்டாம்.

*எந்த லோரியில் தொடங்குவது?*

புதியவருக்கு, மாலையில் வீடு திரும்பக்கூடிய, ஒரே பாதையில் ஓடும் வேலை நல்லது. தோட்டத்திலிருந்து ஆலைக்குப் பழக்குலை ஏற்றும் லோரி, கிடங்கிலிருந்து கடைகளுக்குப் பொருள் கொண்டுபோகும் லோரி ஆகியவற்றில் ஓர் ஆண்டு ஓட்டினால் கை பழகும். பிறகு துறைமுக டிரெய்லருக்குப் போகலாம். மண், கல் ஏற்றும் டிப்பரில் நடைக் கணக்கும் பாரப் பிரச்சினையும் அதிகம். பெட்ரோல் டேங்கரில் வருமானம் நல்லது. ஆனால், அங்கே பெரும்பாலும் அனுபவமும் தனிப் பயிற்சியும் கேட்பார்கள். அதை மூன்றாம் நான்காம் ஆண்டு இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

*நேரில் போய்ப் பார்த்தால் பாதி தெரியும்*

விளம்பரத்தை நம்பாமல் ஒருமுறை யார்டுக்கு நேரில் போய் வர வேண்டும். அப்பாவோ மாமாவோ கூடப் போனால் இன்னும் நல்லது. நிற்கும் லோரிகளின் டயரைப் பார்த்தாலே நிறையத் தெரியும். வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற மையத்தில் பரிசோதனை கட்டாயம், "கடைசியாக எப்போது போனது?" என்று கேட்கலாம். கூலிக்குச் சரக்கு ஏற்றும் கம்பெனிக்கு, தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ‘அபாட்’ கொடுக்கும் ‘ஏ’ பெர்மிட் இருக்க வேண்டும். அது அவர்களுடைய சொந்தப் பெர்மிட்டா, வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்ததா என்பதும் முக்கியம்.

எல்லாவற்றையும்விட நம்பகமான தகவல், யார்டுக்கு வெளியே ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர்களிடம் கிடைக்கும். "அண்ணே, சம்பளம் ஏழாம் தேதிக்குள் வந்துவிடுமா? பிரேக் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் லோரியை நிறுத்துவார்களா? எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?" இந்த மூன்று கேள்வி போதும். எல்லாரும் ஆறு மாதத்துக்குள் வந்தவர்களாக இருந்தால், பழையவர்கள் ஏன் போனார்கள் என்று யோசிக்க வேண்டும்.

ஒரே விளம்பரத்தோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. சொக்சோ நடத்தும் ‘மைஃபியூச்சர்ஜோப்ஸ்’ தளத்தில் ஓட்டுநர் வேலைகளைத் தேடி, மூன்று கம்பெனிகளையாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

*வேலையில் சேர்ந்த பிறகு*

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்பது சட்டம். அதன் பிரதி, சம்பளச் சீட்டுகள், டிரிப் தாள்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து இ.பி.எஃப். ‘ஐ-அக்காவுன்’ கணக்கைத் திறந்து, மாதா மாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுதைப் பற்றிச் சொல்லும்போது வாயால் மட்டும் சொல்லாமல் புலனத்திலும் அனுப்பி வைப்பது நல்லது. நாளை ஏதாவது நடந்தால் பிள்ளையின் பக்கம் பேசப்போவது அந்தச் செய்திதான்.

சம்பளப் பாக்கி, சட்டவிரோதப் பிடித்தம் போன்றவற்றுக்குத் தொழிலாளர் இலாகாவில் வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கினால், 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தினால் அந்த உரிமை போய்விடும்.

ஒரு கம்பெனி மாதம் 500 வெள்ளி கூடுதலாகச் சொல்லலாம். இன்னொன்று மூன்று மாதம் பக்கத்தில் ஆள் வைத்துக் கற்றுக்கொடுத்து, சம்பளச் சீட்டு தந்து, இரவில் தூங்கவும் விடலாம். பெற்றோர் இரண்டாவது கம்பெனியின் பக்கம் நிற்க வேண்டும். அங்கே ஒழுங்காகக் கற்ற பிள்ளைக்கு அந்த 500 வெள்ளியை இரண்டு ஆண்டில் எந்தக் கம்பெனியும் கொடுக்கும். முதல் ஆண்டிலேயே விபத்தில் சிக்கி உரிமத்தை இழந்த பிள்ளைக்கு, அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது.